இரண்டாவது சாட்சி: தனித்த வீட்டுத் திகில் நாவல்கள் எழுப்பும் கேள்வி

ஊரை விட்டு விலகிய ஒரு பெரிய வீடு. அங்கே புதிதாக வந்து சேரும் ஒருவர், பெரும்பாலும் ஒரு பெண். இரவில் ஒரு சத்தம் கேட்கிறது, ஜன்னலுக்கு வெளியே ஓர் உருவம் தெரிகிறது, பூட்டிய கதவு திறந்து கிடக்கிறது. காலையில் அதைச் சொன்னால் வீட்டில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். பிறகு, தூக்கம் சரியில்லையா என்று அவளைக் கேட்கிறார்கள். ஆங்கிலத்தில் வந்த உளவியல் திகில் கதைகளை வரிசையாக எடுத்து வைத்தால், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் வந்தவை முதல் இன்று விமான நிலையக் கடைகளில் விற்பவை வரை இந்த ஏற்பாடு பெரிதாக மாறவில்லை என்பது தெரியும்.

இருநூறு ஆண்டுகள் கடந்தும் இது ஏன் செல்லுபடியாகிறது? வழக்கமாக இரண்டு பதில்கள் சொல்லப்படுகின்றன. இருட்டும் தனிமையும் மனிதரின் ஆதி பயங்கள் என்பது ஒன்று. மற்றொன்று ஃப்ராய்ட் 1919-இல் எழுதிய கட்டுரையிலிருந்து வருவது: நமக்கு நன்கு பழகியது திடீரென்று அந்நியமாகத் தோன்றும்போது வரும் அச்சமே இது, மனம் அடக்கி வைத்த ஏதோ ஒன்று அப்போது மேலே வருகிறது. இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் திகில் உச்சத்துக்குப் போவது உருவம் தெரியும் கணத்தைவிட, அதைச் சொல்லியும் யாரும் நம்பாத கணத்தில்தான். அது ஏன் என்பதை இந்தப் பதில்கள் விளக்குவதில்லை.

தனித்த வீடு என்பது இரண்டாவது சாட்சியை அப்புறப்படுத்திய இடம் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். கண்டவர் ஒருவர்தான், கூட நின்று ஆமாம் என்று சொல்ல ஆளில்லை. பேய் உண்டா இல்லையா என்பது இந்த நாவல்களின் மேல்தளக் கேள்வி. இவள் சொல்வதை யார் நம்புவார்கள், நம்பாமல் போனால் யாருக்கு லாபம் என்பது அடித்தளக் கேள்வி. நூல்களை வரிசைப்படி பார்த்தால் இது தெளிவாகும். முடிவுகளைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது என்பதால் சில கதைகளின் முடிச்சுகள் இங்கே அவிழும்.

கையெழுத்துக்காகப் பூட்டிய கதவு

ஆன் ராட்கிளிஃபின் ‘தி மிஸ்டரீஸ் ஆஃப் உடோல்ஃபோ’ 1794-இல் வந்தது. பெற்றோரை இழந்த எமிலி, அத்தையின் இரண்டாவது கணவனான மோன்டோனியின் கோட்டைக்குக் கொண்டுபோகப்படுகிறாள். இத்தாலியின் அபனைன் மலைகளுக்குள் இருக்கும் கோட்டை அது. அங்கே ஓர் அறையில் கறுப்புத் திரை போட்ட ஒரு சட்டகம். எமிலி திரையை விலக்குகிறாள். பார்த்ததும் மயங்கி விழுகிறாள். அவள் என்ன கண்டாள் என்பதை ராட்கிளிஃப் சொல்வதில்லை. நூற்றுக்கணக்கான பக்கங்கள் தாண்டி, நாவல் முடியும் தறுவாயில்தான் அது பிணமே இல்லை, அழுகும் உடலைப் போலச் செய்து வைத்த மெழுகு உருவம் என்று தெரிகிறது.

அமானுஷ்யமாகத் தோன்றுவதற்கெல்லாம் கடைசியில் இயல்பான காரணம் கொடுப்பது ராட்கிளிஃபின் முறை. அது ஏமாற்று வேலை என்று அப்போதே குறை சொன்னார்கள். ஆனால் திரைக்குப் பின்னால் இருந்தது பொய் என்று தெரிந்த பிறகும் அந்தக் கோட்டையில் உண்மையான ஆபத்து ஒன்று மிச்சமிருக்கிறது. மோன்டோனிக்கு வேண்டியது மனைவியின் சொத்து. எழுதித்தர மறுத்த அத்தை கோபுர அறையில் அடைக்கப்பட்டு நோயில் சாகிறாள். அடுத்து எமிலியின் கையெழுத்துக்கு நெருக்கடி தொடங்குகிறது. வாசகர் மெழுகு உருவத்துக்குப் பயந்துகொண்டிருக்கும் நேரத்தில் கதை சொத்துப் பத்திரத்தைச் சுற்றி நகர்ந்துவிடுகிறது.

இதைப் பிடித்துக்கொண்டவர் ஜேன் ஆஸ்டின். 1817-இன் இறுதியில் வெளிவந்த ‘நார்தாங்கர் அபி’யில், ராட்கிளிஃபைப் படித்து ஊறிய காதரின் என்ற பதினேழு வயதுப் பெண், தான் விருந்தாளியாகத் தங்கிய வீட்டின் எஜமானர் தன் மனைவியைக் கொன்றிருப்பார் என்று சந்தேகிக்கிறாள். சந்தேகம் தவறு. ஆனால் தான் நினைத்த அளவு அவள் பணக்காரி இல்லை என்று தெரிந்ததும், அதே மனிதர் துணைக்கு ஓர் ஆள்கூட அனுப்பாமல் அவளை வீட்டை விட்டு வெளியேற்றுகிறார். அவள் கணித்த குற்றம்தான் தவறு, மனிதர் விஷயத்தில் அவள் கணிப்பு சரி. இந்த வகை நூல்களைப் பற்றிய முதல் நல்ல விமரிசனம் என்று இந்த நாவலையே சொல்லலாம்.

சொத்துக்கு வாரிசான இளம்பெண், பெரிய வீடு, அங்கே தோன்றும் உருவம் என்ற இந்தக் கூட்டணி தமிழ் வாசகருக்கும் புதிதில்லை. குமுதத்தில் தொடராக வந்த சுஜாதாவின் ‘கொலையுதிர் காலம்’ அதே தளத்தில் நின்று, காண்பது பேயா விஞ்ஞானமா என்று கேட்கிறது. கணேஷும் வசந்தும் வக்கீல்களாக அந்த வீட்டுக்குள் நுழைவது தற்செயலாகத் தெரியவில்லை. வெளியிலிருந்து வரும் சாட்சிக்கு அங்கே கட்டாயத் தேவை இருக்கிறது.

வைத்தியர் தரும் சான்றிதழ்

பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஒரு மனைவியின் வாய்ச்சொல்லைச் செல்லாததாக்கக் கோட்டை தேவைப்படவில்லை. மருத்துவர்கள் இரண்டு பேர் சான்றிதழ் கொடுத்தால் ஒருவரை மனநோய் விடுதியில் அடைக்க முடிந்தது. 1858-இல் நாவலாசிரியரும் அரசியல்வாதியுமான எட்வர்ட் புல்வர் லிட்டன், தன்னைத் தேர்தல் மேடையில் பகிரங்கமாகச் சாடிய மனைவி ரோசினாவை இப்படி அடைத்தார். பத்திரிகைகள் கூச்சல் போட்டதால் சில வாரங்களில் அவர் வெளியே வந்தார்.

அடுத்த ஆண்டே வில்கி காலின்ஸ் ‘தி உமன் இன் ஒயிட்’ நாவலைத் தொடராக எழுதத் தொடங்கினார். மனைவியின் பணத்துக்காக அவளை வேறொருத்தியின் பெயரில் மனநோய் விடுதியில் தள்ளி, அந்த வேறொருத்தியின் சாவை மனைவியின் சாவாகக் கணக்குக் காட்டும் சதிதான் கதையின் மையம். காலின்ஸ் கதையை ஒரே குரலில் சொல்லவில்லை. வழக்கு விசாரணையில் ஒவ்வொரு சாட்சியாகக் கூண்டில் ஏறுவதுபோல நாட்குறிப்பு, வாக்குமூலம், சமையல்காரியின் கூற்று, கல்லறைக் கல்வெட்டு என்று அடுக்கிக்கொண்டே போகிறார். தனியாக ஒரு பெண் சொன்னால் எடுபடாது என்பதால் நாவலின் வடிவமே சாட்சிகளைத் திரட்டும் வேலையைச் செய்கிறது. மணமான பெண் தன் சொத்தைத் தன் பெயரில் முழுமையாக வைத்துக்கொள்ள இங்கிலாந்துச் சட்டம் 1882 வரை வழிவிடவில்லை. அந்த உலகத்தில் இந்தக் கதை வெறும் கற்பனையாகப் படிக்கப்பட்டிருக்காது.

1890-களின் திருப்பம்

அடுத்த கட்டம் ஒரே பத்தாண்டுக்குள் நடந்தது. சந்தேகம் வீட்டிலிருந்து கதைசொல்லியின் மனத்துக்குள் புகுந்தது.

ஷார்லட் பெர்கின்ஸ் கில்மனின் ‘தி யெல்லோ வால்பேப்பர்’ 1892 ஜனவரியில் ஓர் அமெரிக்க மாத இதழில் வந்தது. குழந்தை பெற்ற பின் மனம் சோர்ந்த ஒரு பெண்ணை, மருத்துவரான கணவன் கோடைக்கு எடுத்த பழைய மாளிகைக்கு அழைத்துப் போகிறான். கிராமம் அங்கிருந்து மூன்று மைல். மாடி அறையின் ஜன்னல்களில் கம்பி; கட்டில் தரையோடு ஆணி அடித்து நிறுத்தப்பட்டிருக்கிறது. அவள் எழுதக்கூடாது என்பது சிகிச்சை. அவள் ஒளித்து ஒளித்து எழுதுவதைத்தான் நாம் படிக்கிறோம்.

சுவரின் அடிப்பகுதியில், தரையை ஒட்டி, அறையைச் சுற்றிலும் ஒரு தேய்ந்த தடம் இருப்பதை ஒரு கட்டத்தில் அவள் கவனிக்கிறாள். யாரோ திரும்பத் திரும்ப உரசியதுபோல இருக்கிறது. யார் செய்தது, ஏன் செய்தது என்று புரியவில்லை என்று எழுதுகிறாள். கடைசிப் பக்கத்தில் அவள் தரையில் தவழ்ந்து சுற்றும்போது அவளுடைய தோள் அந்தத் தடத்தில் சரியாகப் பொருந்துகிறது. அதைப் படித்ததும் முன்பக்கங்களைத் திருப்பிப் பார்க்கத் தோன்றுகிறது. அந்தத் தடம் எப்போது உண்டானது? அவள் எத்தனை நாளாகத் தவழ்ந்துகொண்டிருந்தாள்? அவளுக்கே தெரியாததை அவள் நமக்குச் சொல்லிவிட்டாள்.

கில்மன் இதைக் கற்பனையில் மட்டும் எழுதவில்லை. 1887-இல் ஃபிலடெல்ஃபியாவின் புகழ்பெற்ற நரம்பியல் மருத்துவர் சைலஸ் வியர் மிட்செல் அவருக்கு ஓய்வு சிகிச்சை கொடுத்தார். வீட்டு வாழ்க்கையோடு இருக்க வேண்டும், அறிவு சார்ந்த வேலைக்கு நாளுக்கு இரண்டு மணி நேரம் மட்டும், வாழ்நாள் முழுக்கப் பேனாவையோ தூரிகையையோ தொடக்கூடாது என்பவை அவர் தந்த அறிவுரைகள். அதைப் பின்பற்றியதில் மனம் முற்றிலும் குலையும் விளிம்புக்குப் போய்விட்டதாகவும், மற்றவர்களுக்கு அந்தக் கதி வராமல் இருக்கவே கதையை எழுதியதாகவும் கில்மன் 1913-இல் குறிப்பிட்டார். இந்தக் கதை பல பத்தாண்டுகள் பேய்க்கதைத் தொகுப்புகளில் ஒன்றாகக் கிடந்தது. 1973-இல் அமெரிக்காவின் பெமினிஸ்ட் பிரஸ் அதைத் தனி நூலாக மறுபடி வெளியிட்ட பிறகுதான், அந்த அறையில் பேய் எதுவும் இல்லை, மருத்துவமும் திருமணமும்தான் இருந்தன என்ற வாசிப்பு பரவலாக ஏற்கப்பட்டது.

1895-இல் தாகூர் எழுதிய ‘பசித்த கற்கள்’ இதே சிக்கலை வேறு பக்கத்திலிருந்து அணுகியது. பாழடைந்த அரண்மனையில் தங்கிய ஒரு வரி வசூல் அதிகாரி, அங்கே இரவுதோறும் தனக்கு நேர்ந்ததை ரயில் நிலையத்தில் இரண்டு பயணிகளிடம் சொல்கிறார். ரயில் வந்துவிடுகிறது, கதை பாதியில் நிற்கிறது. கேட்டவர்களில் ஒருவர் நம்புகிறார், மற்றவர் நம்பவில்லை, அந்தச் சண்டையில் அவர்கள் உறவே முறிகிறது. வாசகர்கள் இரண்டாகப் பிரிவதைக் கதைக்குள்ளேயே நடத்திக் காட்டிவிட்டார் தாகூர்.

ஹென்றி ஜேம்ஸின் ‘தி டர்ன் ஆஃப் தி ஸ்க்ரூ’ 1898-இல் வந்தது. இங்கிலாந்தின் எஸெக்ஸ் பகுதியில் இருக்கும் பிளை என்ற மாளிகையில், பெற்றோர் இல்லாத இரண்டு குழந்தைகளுக்குப் பாடம் சொல்ல ஓர் இளம்பெண் வருகிறாள். குழந்தைகளின் பெரியப்பா வைக்கும் நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: எது நடந்தாலும் என்னைத் தொந்தரவு செய்யக்கூடாது. அந்த வீட்டில் அவளுக்கு இருக்கும் ஒரே துணை திருமதி குரோஸ். பையனின் பள்ளியிலிருந்து வந்த கடிதத்தை அவரிடம் நீட்டும்போது அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்கிறார். அவருக்குப் படிக்கத் தெரியாது. பிறகு ஏரிக்கரையில், இறந்துபோன பழைய ஆசிரியை அதோ நிற்கிறாள் என்று இவள் கை காட்ட, திருமதி குரோஸின் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. ஜேம்ஸ் இரண்டாவது சாட்சியைப் பக்கத்திலேயே நிறுத்தி வைத்து, அவரால் சாட்சி சொல்ல முடியாதபடி செய்துவிடுகிறார்.

இந்தச் சின்ன நாவலைச் சுற்றி நடந்த விமரிசனச் சண்டை பெரியது. பேய்கள் அந்தப் பெண்ணின் அடக்கப்பட்ட ஆசைகளின் மாயத்தோற்றமே என்று எட்மண்ட் வில்சன் 1934-இல் எழுதினார். அந்த ஃப்ராய்டிய வாசிப்பை 1947-இல் ராபர்ட் ஹெய்ல்மன் மறுத்தார். தீர்ப்புச் சொல்ல முடியாமல் வாசகர் தயங்குவதே இந்த இலக்கிய வகையின் உயிர் என்று தோதரோவ் 1970-இல் ஒரு கோட்பாடாகவே வகுத்தார். இவற்றில் தோதரோவின் விளக்கம் நாவலின் நடையோடு நெருக்கமாகப் பொருந்துகிறது. ஆனால் இந்த விவாதம் முழுவதும் அவளை விசாரணைக் கூண்டில் நிறுத்தியே நடந்தது. இருபது வயதுப் பெண்ணின் தலையில் இரண்டு குழந்தைகளின் பொறுப்பைச் சுமத்திவிட்டு, கடிதம்கூடப் போடாதே என்று சொன்ன பெரியப்பாவை யாரும் போதுமான அளவு விசாரிக்கவில்லை. தொடர்பை வெட்டியவர் அவர். அந்தத் தொடர்பு இருந்திருந்தால், பேய் இருந்தாலும் இல்லாவிட்டாலும், கடைசியில் இறந்துபோகும் சிறுவன் உயிர் பிழைத்திருக்க வழியுண்டு.

வாசகரே உடந்தை

இருபதாம் நூற்றாண்டில் டாப்னி டு மோரியே ஒரு படி மேலே போனார். 1938-இல் வந்த ‘ரெபெக்கா’வின் கதைசொல்லிக்கு நாவல் முழுக்கப் பெயரே இல்லை. கணவனின் மாளிகையான மான்டர்லியில் இறந்துபோன முதல் மனைவியின் நிழல் எங்கும் படர்ந்திருக்கிறது. வீட்டு நிர்வாகி திருமதி டான்வர்ஸ் அவளைத் திறந்த ஜன்னலுக்கு அருகில் நிறுத்தி, குதித்துவிடு என்று மெல்லிய குரலில் தூண்டும் இடம்தான் பலருக்கும் நினைவில் நிற்கிறது. அதைவிடத் திகிலான இடம் பின்னால் வருகிறது. ரெபெக்காவைச் சுட்டுக் கொன்றது தான்தான் என்று கணவன் ஒப்புக்கொள்கிறான். அவள் அதைக் கேட்டு நிம்மதி அடைகிறாள், ஏனென்றால் அவன் முதல் மனைவியை நேசித்ததில்லை என்று இப்போது தெரிந்துவிட்டது. விசாரணையில் அவன் தப்பிக்க வேண்டுமே என்று அவளோடு சேர்ந்து நாமும் பதைக்கிறோம். கொல்லப்பட்டவளின் தரப்பை நாம் அவள் வாயால் ஒரு வார்த்தைகூடக் கேட்டதில்லை. கொன்றவன் சொன்னதை மட்டும் கேட்டிருக்கிறோம். இங்கே அப்புறப்படுத்தப்பட்ட சாட்சி ரெபெக்காதான். அதில் வாசகரும் உடந்தை. 1940-இல் ஹிட்ச்காக் எடுத்த படத்தில் அன்றைய தணிக்கை விதிகளுக்காகக் கொலை விபத்தாக மாற்றப்பட்டது. அந்த மாற்றம் நாவல் நம் மேல் வைத்த பாரத்தை இறக்கிவிட்டது.

ஷர்லி ஜாக்சனின் ‘தி ஹான்டிங் ஆஃப் ஹில் ஹவுஸ்’ 1959-இல் வந்தது. அங்கே சாட்சிகளுக்குக் குறைவில்லை. அமானுஷ்யத்தை ஆராய வரும் ஒரு டாக்டர், குறிப்பெடுத்துக்கொள்ளும்படி மூன்று பேரை அந்த வீட்டில் கூட்டுகிறார். அவர்களில் எலினார் முப்பத்திரண்டு வயதுவரை நோயாளித் தாயைப் பார்த்துக்கொண்டே இளமையைத் தொலைத்தவள். தனக்கென்று ஒரு வீடு இல்லாதவள். ஓர் இரவு இருட்டில் ஒரு குழந்தையின் முனகலைக் கேட்டுப் பயந்து, பக்கத்தில் படுத்திருக்கும் தியோடோராவின் கையை இறுகப் பிடித்துக்கொள்கிறாள். விளக்கு எரிகிறது. தியோடோரா அறையின் மறுபக்கக் கட்டிலில் இருக்கிறாள். அப்படியானால் இத்தனை நேரம் பிடித்திருந்தது யாருடைய கையை?

ஆனால் எலினாரை அழிப்பது அந்தக் கை இல்லை. கடைசியில் மற்றவர்கள் அவளுடைய நன்மைக்காக என்று சொல்லி அவளை வீட்டை விட்டு அனுப்புகிறார்கள். போக இடமில்லை என்று அவள் சொல்வது யார் காதிலும் ஏறவில்லை. அவள் காரை மரத்தில் மோதிச் சாகிறாள். சுற்றிலும் ஆட்கள் இருந்தாலும் கேட்பவர் இல்லாவிட்டால் தனித்த வீடுதான் என்கிறார் ஜாக்சன். இந்த வகையில் எனக்கு ஆகச் சிறந்த நூல் இதுவே.

விளக்கு மங்குவதை இன்னொருவர் பார்த்தால்

இந்த வாதத்தைத் தெள்ளத் தெளிவாகக் காட்டும் படைப்பு ஒரு நாடகம். பாட்ரிக் ஹாமில்டனின் ‘கேஸ் லைட்’ 1938-இல் அரங்கேறியது. கணவன் பொருள்களை ஒளித்து வைத்துவிட்டு, உன் புத்திதான் பேதலித்துவிட்டது என்று மனைவியை நம்பவைக்கிறான். ஒவ்வொரு மாலையும் வெளியே போவதாகச் சொல்லிவிட்டு, மூடிக் கிடக்கும் மேல்தளத்துக்கு ரகசியமாக ஏறி எதையோ தேடுகிறான். அங்கே அவன் விளக்கேற்றியதும் கீழே அவள் அறையில் எரிவாயு அழுத்தம் குறைந்து விளக்கு மங்குகிறது. அவள் அதைக் கவனிக்கிறாள். ஆனால் தன் கண்ணையே அவளால் நம்ப முடியவில்லை. ஒரு முன்னாள் போலீஸ்காரர் வந்து உட்கார்ந்திருக்கும்போது விளக்கு மங்குகிறது. அவரும் பார்க்கிறார். அந்த ஒரு நொடியில் அவளுக்குப் புத்தி திரும்புகிறது. உண்மையில் அது ஒருபோதும் போயிருக்கவில்லை. ஆமோதிக்க ஒரு ஆள் இல்லாமல் இருந்தது, அவ்வளவுதான்.

1944-இல் வந்த ஹாலிவுட் படத்தில் இந்தப் பாத்திரத்துக்காக இங்கிரிட் பெர்க்மன் ஆஸ்கர் பெற்றார். சட்டம் வந்து சேர இன்னும் எழுபது ஆண்டுகள் ஆயின. அடி, உதை இல்லாமலேயே நெருங்கியவரைத் தனிமைப்படுத்தி, கண்காணித்து, அடக்கி வைப்பதை இங்கிலாந்தும் வேல்ஸும் 2015-இல் தனிக் குற்றமாக்கின. ஐந்து ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. உற்றார் உறவினரிடமிருந்து பிரிப்பதுதான் இந்த வகை வன்முறையின் முதல் படி என்பதைத் திகில் நாவல்கள் சட்டத்துக்கு வெகு முன்பே அறிந்திருந்தன.

இது பெண்களுக்கு மட்டும் நேர்வதில்லை என்பதை ஸ்டீபன் கிங்கின் ‘மிசரி’ (1987) காட்டியது. கால்கள் நொறுங்கிய ஒரு நாவலாசிரியன் பனியில் புதைந்த பண்ணை வீட்டில் கிடக்கிறான். மாத்திரைகள், உணவு, வெளியுலகச் செய்தி எல்லாம் முன்னாள் நர்ஸ் ஒருத்தியின் கையில். அதிகாரம் யாரிடம், சாட்சி எங்கே என்ற இரண்டு கேள்விக்கும் ஒரே விடை கிடைக்கும் வீட்டில் யார் அகப்பட்டாலும் கதி இதுதான்.

செல்போன் வந்த பிறகு

இன்றைய எழுத்தாளருக்கு வீட்டைத் தனிமைப்படுத்துவது கடினம். சட்டைப்பையில் இருக்கும் போனே ஒரு சாட்சி. அதனால் பல நாவல்களின் தொடக்க அத்தியாயங்களில் சிக்னல் போகிறது, பாலம் உடைகிறது, பனி கொட்டுகிறது. ரூத் வேரின் ‘இன் எ டார்க், டார்க் வுட்’ (2015) நார்தம்பர்லண்ட் காட்டுக்குள் கண்ணாடிச் சுவர் வீடு ஒன்றில் நடக்கிறது. உள்ளே இருப்பவர்கள் எல்லாத் திசையிலும் வெளியே தெரிகிறார்கள், அவர்களுக்கு வெளியே இருட்டு மட்டும் தெரிகிறது. அவருடைய ‘தி டர்ன் ஆஃப் தி கீ’ (2019) ஜேம்ஸுக்கான மரியாதையைத் தலைப்பிலேயே வைத்திருக்கிறது. ஸ்காட்லாந்து மலைநாட்டில், விளக்கு முதல் பூட்டு வரை ஒரு செயலியால் இயங்கும் வீடு. அறைதோறும் கேமரா. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வந்த பெண், சிறையிலிருந்து ஒரு வக்கீலுக்கு எழுதும் கடிதங்களாகக் கதை வருகிறது. தொடர்பு அறுந்ததால் வந்த பழைய தனிமை போய், எல்லாமே பதிவாகியும் தன் பக்க நியாயத்துக்கு ஆள் கிடைக்காத புதிய தனிமை வந்திருக்கிறது. இது அசலான முன்னேற்றம்.

அதே சமயம், இந்த வகையில் இப்போது பெருகிவரும் ஒரு பழக்கத்தைக் கண்டிக்கத்தான் வேண்டும். முந்நூறு பக்கம் ஒரு பெண்ணின் பயத்தை நம்பவைத்துவிட்டு, கடைசி இருபது பக்கத்தில் அவளே கொலைகாரி, அல்லது அவளுக்கு மனநோய் என்று சொல்லி முடிக்கும் திருப்பம். நம்பகமற்ற கதைசொல்லி என்ற உத்தியை 1961-இல் வேய்ன் பூத் விளக்கியபோது, சொல்லப்படுவதற்கும் நடந்ததற்கும் இடையில் வாசகர் விழிப்போடு நிற்பதே அதன் பயன் என்று காட்டினார். கில்மனின் தேய்ந்த தடம் அப்படிப்பட்டது. அவள் மனம் சிதைகிறது என்பதும் உண்மை, அவளைச் சிதைத்தவர்கள் இருக்கிறார்கள் என்பதும் உண்மை. மலிவான திருப்பம் முதல் உண்மையை எடுத்துக்கொண்டு இரண்டாவதை எறிந்துவிடுகிறது. மனநோயைக் குற்றத்துக்கு மறுபெயராக்குவது, சான்றிதழ் எழுதிக் கொடுத்த அந்த இரண்டு மருத்துவர்கள் பக்கம் போய் நிற்பதற்குச் சமம்.

ஏன் படிக்கிறோம்

பயப்படுவதற்கு ஏன் பணம் கொடுக்கிறோம் என்று ஆய்வாளர்களும் கேட்டிருக்கிறார்கள். டென்மார்க்கில் வேய்ல நகர் அருகே உள்ள ஒரு திகில் இல்லத்தில் நுழைந்த 110 பேரின் இதயத்துடிப்பை அளந்த ஆய்வு 2020-இல் வெளியானது. பயம் மிகக் குறைந்தாலும் ரசனை இல்லை, மிக அதிகமானாலும் இல்லை. நடுவில் ஓர் அளவில்தான் இன்பம் உச்சத்தில் இருந்தது. புத்தகத்தில் அந்த அளவை நாமே வைத்துக்கொள்ள முடிகிறது. மூடி வைக்கலாம், மறுநாள் தொடரலாம். கதைக்குள் அடைபட்டவளுக்கு இல்லாத சுதந்திரம் அது.

ஆனால் அந்தச் சுதந்திரத்தோடு ஒரு கடமையும் வருகிறது. எமிலியின் திரைக்கு முன்னாலும், மஞ்சள் சுவர்த்தாளின் அறையிலும், பிளையின் ஏரிக்கரையிலும் அவர்களோடு கூட இருந்தது நாம் மட்டும்தான். அவர்கள் கண்டதை நம்புவதா என்று முடிவு செய்யும் இடத்தில் நூல் நம்மை உட்கார வைக்கிறது. ஆகவே இந்த வகையில் அடுத்த நாவலை எடுக்கும்போது மூன்று கேள்விகளோடு படித்துப் பாருங்கள். இந்த வீட்டை ஊரிலிருந்து துண்டித்தது யார்? அவள் பைத்தியம் என்று முடிவானால் யாருக்கு லாபம்? அப்படி முதலில் சொன்னவர் யார்? இந்த மூன்றுக்கும் நூலுக்குள் விடை இருந்தால் அது நல்ல நூல். இல்லாவிட்டால், எத்தனை கதவுகள் தாமாகத் திறந்தாலும் அது வெறும் சத்தம். புத்தகத்துக்கு வெளியே யாராவது நம்மிடம் வந்து தன் வீட்டில் நடப்பதைத் தயங்கித் தயங்கிச் சொல்லும்போதும் முதலில் கேட்க வேண்டிய கேள்விகள் இவைதான். அதற்குப் பழக்குவதே இந்த இலக்கியம் செய்யும் பெரிய வேலை என்று நினைக்கிறேன்.